புல்தரைக்கு விளக்குப் போட்ட வருஷம்

புழு புல்லைத் தின்னும் சத்தத்தை உங்களில் எத்தனை பேர் கேட்டிருப்பீர்களோ தெரியாது. நம் வயதுக்காரர்கள் கூடினால் பேச்சு முழங்காலுக்கும் சர்க்கரைக்கும் போய்விடுகிறது. போன வாரம் பூங்காவில் நடந்து முடித்து உட்கார்ந்திருந்தபோது உங்களில் ஒருவர், தன் மகள் இருக்கும் அடுக்குமாடி வளாகத்தில் புல்தரை ஒரே வாரத்தில் மொட்டையாகிவிட்டது, என்ன பூச்சியோ என்றார். எனக்கு அந்தப் பூச்சியைத் தெரியும். அங்கே சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

காய்ந்த மணலில் லேசான தூறல் விழும்போது ஒரு சத்தம் வருமே, அதுதான். ஒரு புழு தின்றால் கேட்காது. தரை முழுக்கத் தின்றால் கேட்கும்.

என் நைனா மாமல்லபுரத்தில் கற்கோயில்களைச் சுற்றியிருந்த தோட்டத்தில் தோட்டக்காரர். அப்பாவை நைனா என்று கூப்பிடுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. சவுக்குத் தோப்பை ஒட்டி ஓடு வேய்ந்த இரண்டு அறை வீடு ஒன்றைத் தொல்பொருள் இலாகா கொடுத்திருந்தது. அதில் நைனா, அம்மா, பத்து வயதில் நான், நாலு வயதில் என் தம்பி. உப்புக் காற்றில் கதவுத் தாழ்ப்பாள் எப்போதும் துருப்பிடித்திருக்கும். வாசலில் நின்றால் அலை தெரியாது, சத்தம் மட்டும் வரும்.

கடல் மணலில் புல் வளர்ப்பது லேசான வேலை இல்லை. நைனா ஏரி வண்டலை வண்டியில் கொண்டுவந்து கொட்டி, எருவைக் கலந்து, அருகம்புல்லைக் கணுக் கணுவாக நட்டு அந்தத் தரையை உண்டாக்கியிருந்தார். தண்ணீர் ஊற்ற ஒரு பெரிய பித்தளைப் பூவாளி. தரையைச் சமன்படுத்த ஒரு கல் உருளை. அதை இழுக்கும்போது நைனாவின் கழுத்து நரம்பு புடைத்துக்கொள்ளும். இன்று அந்தப் பூவாளி எங்கே என்று யாருக்கும் தெரியாது. உருளையைச் சில வருஷங்களுக்கு முன்புவரை முள்வேலி ஓரத்தில் பார்த்திருக்கிறேன். யாரோ அதன்மேல் துணி காயப்போட்டிருந்தார்கள்.

அம்மாவுக்குத் திருக்கழுக்குன்றம். அவள் அந்தப் புல்தரையைச் ‘சக்களத்தி’ என்பாள். நைனா வேலை முடிந்து தாமதமாக வந்தால், “சக்களத்தி வூட்டுக்கு அனுப்பிட்டாளா?” என்பாள். நைனா சிரித்துக்கொண்டே கால் கழுவுவார். அவர்கள் இருவரும் அப்படிப் பேசிக்கொள்கிறவர்கள்தான் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் ஐப்பசி முழுக்க மழையே இல்லை. கார்த்திகையில் ஒரேயடியாகக் கொட்டித் தீர்த்தது. மழை விட்டதும் புல் அடர்ந்து எழுந்தது. அப்போதுதான் மெட்ராஸிலிருந்து இலாகா ஆபீசர் ஜீப்பில் வந்து, வெளிதேசத்துத் தலைவர் ஒருவர் மார்கழியில் கோயில்களைப் பார்க்க வருகிறார் என்றார். அவர் யார், எந்த தேசம் என்பது எனக்கு அன்றும் சரியாகத் தெரியாது. தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

ஆபீசர் கெட்டவர் இல்லை. ஒல்லியாக, குடையைக் கைத்தடிபோல ஊன்றிக்கொண்டு நடப்பார். எனக்கும் தம்பிக்கும் பெப்பர்மிண்ட் கொடுப்பார். விருந்தாளி அந்தி சாயும் நேரத்தில் வருவார், அதனால் புல்தரையைச் சுற்றி விளக்குப் போட வேண்டும் என்றார். சவுக்குக் கம்பங்களுக்கு வெள்ளையடித்து நட்டார்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் தகர மூடி கவிழ்த்த பல்பு. தோப்புக்குப் பின்னால் டீசல் இன்ஜின். விருந்தாளி வரும் அன்று பழுதாகிவிடக் கூடாதே என்று தினமும் பொழுது சாய்ந்ததும் ஓட்டிப் பார்த்தார்கள்.

எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்குதான். அந்த பல்புகள் எரிந்ததும் தம்பி கை தட்டுவான். அணைத்ததும் இன்னொரு தரம் என்பான். புல்லின் பச்சை அந்த வெளிச்சத்தில் வேறு மாதிரி இருந்தது, பட்டுத் துணி விரித்தாற்போல. அம்மாகூட ஒரு நாள் வந்து பார்த்தாள். சக்களத்திக்கு வைர மூக்குத்தி போட்டுட்டாங்க என்றாள்.

விளக்குக்கு விட்டில்கள் வந்தன. மழைக்காலத்தில் வருவதுதானே என்று யாரும் கவனிக்கவில்லை. சாம்பலும் பழுப்புமாக, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியவையாக, பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத பூச்சிகள். காலையில் கம்பங்களிலும் தகர மூடியின் உட்புறத்திலும் பழுப்புப் பஞ்சை ஒட்டிவைத்தாற்போலத் திட்டுத் திட்டாகத் தெரிந்தன. சிலந்திக் கூடு என்றார் வாட்ச்மேன். அவர் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்தவர். தம்பி எட்டும் உயரத்தில் ஒரு திட்டு இருந்தது. அவன் ஒரு விரலால் அதைத் தடவி, “பூனக்குட்டி” என்றான். மெய்யாகவே பூனை முடிபோலத்தான் இருந்தது. அந்த முடிக்கு அடியில் முட்டைகள் அடுக்கடுக்காக இருந்தன என்று யாருக்கும் தெரியாது. தாய்ப்பூச்சி தன் உடம்பு முடியைத்தான் உதிர்த்து அவற்றைப் போர்த்துகிறது.

கொஞ்ச நாளில் திட்டுகள் வெறும் தோலாகிவிட்டன. கம்பத்திலிருந்து நூல் நூலாக ஏதோ இறங்கியதை நான் பார்த்தேன். தலைமயிர் தடிமன்கூட இல்லாத பச்சைத் துணுக்குகள். காற்று அவற்றைப் புல்மேல் போட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லுகிற விஷயம் என்று தோன்றியிருக்காது.

தரையில் மஞ்சள் வட்டங்கள் விழுந்தபோது நைனா உப்புக் காற்று என்று நினைத்தார். இன்னும் தண்ணீர் ஊற்றினார். பிறகு தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று நிறுத்தினார். ஒரு விடிகாலையில் அவருக்குக் கஞ்சி கொண்டுபோனபோதுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். தூறுகிறது என்று நினைத்து வானத்தைப் பார்த்தேன். நைனா குந்தி உட்கார்ந்து புல்லைக் கையால் விலக்கிக்கொண்டிருந்தார். அடியில் புழுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெளிந்தன. இப்போது அவை பச்சையாக இல்லை. கறுத்துத் தடித்து, முதுகில் கோடும் இரண்டு பக்கமும் பிறைபிறையாகக் கறுப்புப் புள்ளிகளுமாக இருந்தன. தொட்டால் வளையம்போலச் சுருண்டுகொண்டன. வெயில் ஏறியதும் எல்லாம் மண்வெடிப்புக்குள் போய்விட்டன. மேலே கடுகு சிந்தினாற்போல எச்சம் மட்டும் கிடந்தது. நறுக்கிய புல்லின் வாசனை வெகு தூரம் வந்தது. அந்த வாசனை எனக்கு இப்போதும் ஆகாது.

தம்பிக்குக் காய்ச்சல் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. காலையில் விடும், மத்தியானம் ஏறும். அம்மா சுக்கும் மிளகும் தட்டிப் போட்டாள். பிறகு அவன் அதையும் கக்கினான்.

“செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாம்,” என்றாள் அம்மா.

“சளிக் காய்ச்சல்தான்மே. அந்தப் பெரியவரு வந்துட்டுப் போயிடட்டும். நானே தூக்கிகினு போறேன்,” என்றார் நைனா.

அவர் பொய் சொல்லவில்லை. தூக்கிக்கொண்டு போயிருப்பார். காய்ச்சலைக் காத்திருக்கச் சொல்லலாம், புழுவைச் சொல்ல முடியாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அதை இன்று என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. அன்று எனக்கு எதுவும் தோன்றவில்லை. வீட்டில் ஒரு பக்கம் தம்பி முனகுவான், வெளியே நைனா மண்வெட்டியோடு ஓடுவார். நான் நடுவில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

தரையைச் சுற்றிப் பள்ளம் வெட்டித் தண்ணீர்விட்டு மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். புழுக்கள் வெளியே போகவேண்டிய அவசியமே இல்லாமல் உள்ளேயே தின்றன. பாலாற்றுப் பக்கத்திலிருந்து வாத்துக்களை ஓட்டிவந்தார்கள். அவை ஒரு காலைப்பொழுது நன்றாகத் தின்றுவிட்டு, பள்ளத்துத் தண்ணீரில் இறங்கி மண்ணெண்ணெய் பட்டு, பிறகு தரைப் பக்கமே வரவில்லை. காக்கையும் மைனாவும் கொக்கும் வந்து குவிந்தன. கடைசியில் மெட்ராஸிலிருந்து ஒரு மூட்டை வெள்ளைப் பொடி வந்தது. நைனா அதைப் பழந்துணியில் முடிந்து, உதறி உதறித் தூவினார். மூக்கில் ஏறும் நெடி. தலைமுடி, மீசை எல்லாம் வெள்ளையாகி, பார்ப்பதற்கு யாரோ போல இருந்தார்.

அம்மா அதற்குமேல் பொறுக்கவில்லை. திருக்கழுக்குன்றத்திலிருந்த தன் தம்பிக்குப் பஸ் கண்டக்டர் மூலம் சொல்லியனுப்பினாள். மாமா மறுநாளே வந்தார். அவர் அங்கே மலைக்கோயில் அடிவாரத்தில் தேங்காய்க் கடை வைத்திருந்தவர். தம்பியைப் போர்வையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டார், அம்மாவும் கூடவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். நைனா தரையிலிருந்து ஓடிவந்தார், பஸ் நின்றுகொண்டிருந்தது. தம்பி அவரைப் பார்த்துக் கையை நீட்டினான். நைனா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கையெல்லாம் பூச்சிமருந்து. “கழுவிட்டு வரேன்டா கண்ணு,” என்றார். பஸ்காரர் அதுவரை நிற்கவில்லை.

அப்புறம் வீட்டில் நானும் நைனாவும் மட்டும். நான்தான் சோறு வடித்தேன். குழைந்தால் நைனா ஒன்றும் சொல்லமாட்டார், உப்பில்லாவிட்டாலும் சொல்லமாட்டார். மாமா ஒரு முறை வந்து, டைபாய்டு என்கிறார்கள், குடலில் புண்ணாம், டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினார். அன்று மாலை ஆபீசர் வந்தபோது நைனா லீவு கேட்டார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். ஆபீசர் குடையை ஊன்றிக்கொண்டு தரையையே பார்த்தார். பாதித் தரை வெறும் மண்ணாகிவிட்டிருந்தது.

“பையனைப் பார்க்க டாக்டர் இருக்கார். புல்லைப் பார்க்க உன்னை விட்டா யாருப்பா இருக்கா?” என்றார்.

கடுமையாகச் சொல்லவில்லை. தோளில் கைவைத்துத்தான் சொன்னார். நைனாவின் முகத்தில் ஒரு கணம் பெருமைபோல ஏதோ வந்து போனது. ஒரு பெரிய மனிதர், உன்னைப்போல ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார் அல்லவா? அந்த முகத்தை நான் பார்த்தேன் என்பது நைனாவுக்குத் தெரியாது.

விருந்தாளி வரப் போகும் நேரத்தில் தரையில் எதுவும் மிஞ்சவில்லை. பிறகு ஒரு யோசனை வந்தது. உள்ளூர் ஏரிக்கரைகளில் புல்லை மண்ணோடு சதுரம் சதுரமாகச் செதுக்கி, மாட்டுவண்டிகளில் கொண்டுவந்து, மொட்டைத் தரைமேல் அடுக்கினார்கள். இண்டு இடுக்கில் மணலைத் தூவி, தண்ணீர் தெளித்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சையாக இருந்தது. நைனா கடைசிச் சதுரத்தை மிதித்து அமுக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

விருந்தாளி வந்த அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாகச் சாலையில் நிறுத்தினார்கள். என் கையிலும் ஒரு காகிதக் கொடி. சீக்கிரமே வந்துவிட்டார்கள், பொழுது இன்னும் சாயவில்லை, விளக்குப் போடத் தேவையே இருக்கவில்லை. காற்று பலமாக அடித்தது. விருந்தாளி தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே கோயிலை அண்ணாந்து பார்த்தார், யாரோ சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினார், சரளைக்கல் பாதையில் நடந்துபோய்க் காரில் ஏறினார். புல்லை அவர் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. கொடியை ஆட்டு என்றார் டீச்சர். ஆட்டினேன்.

திருக்கழுக்குன்றம் பாதையில் காலையிலிருந்தே பஸ்ஸை நிறுத்திவிட்டிருந்தார்கள். மாமா சைக்கிளில் வந்திருக்கிறார். ஊர் எல்லையில் போலீஸ்காரர்கள் அவரை மடக்கினார்கள். என்ன விஷயம் என்று அவர் சொன்னதும் ஒரு போலீஸ்காரர் அவரைப் பனைமரத்தடியில் உட்காரவைத்து, கார்களெல்லாம் போகட்டும் அண்ணாத்த, எங்கையில ஒண்ணுமில்ல என்றாராம். மாமா உட்கார்ந்திருந்தார். கார்கள் உள்ளே போவதையும் பார்த்தார், திரும்பி வருவதையும் பார்த்தார்.

நான் கொடியோடு வீட்டுக்குப் போகும் வழியில் நைனாவிடம் போனேன். அவர் பூவாளியால் செதுக்கிப் போட்ட புல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மாமா சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு வந்தார்.

“மச்சான், புள்ள போயிட்டான்,” என்றார். “விடிகாலைல.”

நைனா அவரைப் பார்த்தார். பூவாளியில் இன்னும் தண்ணீர் இருந்தது. அது தீரும்வரை ஊற்றினார். பிறகு அதைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டும் வடிந்தபின் கீழே வைத்தார்.

என்னை வாட்ச்மேன் வீட்டில் விட்டுவிட்டு இருவரும் சைக்கிளில் போனார்கள். வாட்ச்மேன் சம்சாரம் எனக்குச் சோறும் மீன் குழம்பும் போட்டாள். குழம்பு நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் போடு என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போட்டாள். நான் அழவில்லை. அழவேண்டும் என்பது தெரிந்தது, வரவில்லை. அது எனக்கு மட்டும் நேர்ந்ததா, உங்களுக்கும் சின்ன வயதில் அப்படி ஏதாவது உண்டா என்று கேட்க இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

நைனா போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குழந்தையை அதற்குமேல் வைத்திருக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டதால், செங்கல்பட்டிலேயே ரயில் பாதைக்குப் பக்கத்திலிருந்த இடுகாட்டில் மத்தியானத்துக்கு முன்பே புதைத்துவிட்டார்கள். பெண்கள் அங்கே போகும் வழக்கமில்லை. மாமாவைத் தவிர வேறு யாரும் இல்லாததால் அம்மா போனாள். அதை முடித்துவிட்டுத்தான், அக்காவைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு, மாமா சைக்கிளை எடுத்திருக்கிறார். நைனா திருக்கழுக்குன்றம் வீட்டு வாசலில் நின்றபோது அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் ஆனபின் அம்மா எங்களிடம் திரும்பி வந்தாள். சண்டை போடவில்லை, ஒப்பாரி வைக்கவில்லை. முன்பு போலவே விடிவதற்கு முன் எழுந்தாள், சமைத்தாள், துவைத்தாள். நைனாவோடு மட்டும் பேசவில்லை.

“உங்க நைனாவ சாப்ட வரச்சொல்லு,” என்பாள் என்னிடம். நைனா எதிரில்தான் உட்கார்ந்திருப்பார். நான் அவர் பக்கம் திரும்பி, “சாப்ட வருவியாம் நைனா,” என்பேன். அவர் என்னிடம், “கொழம்பு போதும்னு சொல்லு,” என்பார். நான் திரும்பிச் சொல்வேன். இதில் யாருக்கும் கோபம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் குரல் தாழ்ந்தே இருந்தது. பழகிப் போனபின் எனக்கு அதுவே வீட்டு வேலைகளில் ஒன்றாகிவிட்டது, பாத்திரம் கழுவுவதைப்போல. ‘சக்களத்தி’ என்ற சொல்லை அம்மா அதற்குப்பின் எந்தப் பேச்சிலும் சொல்லி நான் கேட்கவில்லை.

செதுக்கிக் கொண்டுவந்து அடுக்கிய புல் சில நாட்களில் காய்ந்து, ஓரங்கள் மடங்கி, தோல்போலக் கழன்றது. அதை அள்ளிக் கொட்டச் சொன்னார்கள். நைனா மண்ணைக் கிளறியபோது கூட்டுப்புழுக்கள் கிடைத்தன. செம்பழுப்பாக, வழவழவென்று, பேரீச்சங்கொட்டையைவிடச் சின்னவை. உள்ளங்கையில் வைத்தால் வால் முனையை மட்டும் ஆட்டும். முன்பானால் நைனா காட்டுவார், நான் கேள்வி கேட்பேன். இப்போது அவர் அவற்றை ஒரு தகர டப்பாவில் போட்டார், நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டேன். தப்பியவை பூச்சியாகி எங்கள் வீட்டு மண்ணெண்ணெய் விளக்குக்கு வந்தன. சுவரில் சிறகைக் கூரைபோல மடித்து உட்கார்ந்திருக்கும். அம்மா அவற்றை விரட்டவில்லை.

கழன்ற தோலுக்கு அடியில் பழைய புல் துளிர்த்திருந்தது. புழு இலையைத்தான் தின்றிருக்கிறது, மண்ணுக்குள்ளிருந்த கணுவைத் தொடவில்லை. யாரும் தண்ணீர்கூடச் சரியாக ஊற்றாத தை மாதத்தில் தரை தானாகவே மூடிக்கொண்டது. பொங்கல் கழிந்து பார்த்தால், எதுவுமே நடக்காததுபோல இருந்தது. நைனா அதை வெட்டினார், உருளை போட்டார். வேலை செய்தார், அவ்வளவுதான்.

நான் பின்னாளில் விலங்கியல் டீச்சரானது உங்களுக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், பாடத்துக்காக ஏதோ தேடும்போது பூச்சிகளைப் பற்றிய புத்தகத்தில் அந்த அந்துப்பூச்சியைப் பார்த்தேன். பிறைப் புள்ளிகளால் புழுவை அடையாளம் கண்டுகொண்டேன். புல்லையும் நெல் நாற்றையும் தின்னும் இனம். வறட்சிக்குப்பின் பெருமழை பெய்தால் திரளாக வரும். பெண் பூச்சி விளக்கு வெளிச்சத்தைத் தேடி வந்து, பக்கத்தில் சுவரோ கம்பமோ மரமோ எது இருந்தாலும் அதிலேயே முட்டை வைத்துவிடும் என்று எழுதியிருந்தது. நின்றபடியே இரண்டு முறை படித்தேன். மணியடித்தது. புத்தகத்தை மூடிவிட்டு வகுப்புக்குப் போய், அன்றைக்கு எடுக்கவேண்டிய தவளையைப் பற்றிய பாடத்தை எடுத்தேன். நைனா அதற்குள் காலமாகிவிட்டார். இருந்திருந்தாலும், விளக்குதான் புழுவைக் கூப்பிட்டது, நீ எதுவுமே செய்யாமல் செங்கல்பட்டில் உட்கார்ந்திருந்தாலும் புல் திரும்ப வந்திருக்கும் என்று அவரிடம் சொல்லியிருக்கமாட்டேன். அம்மாவிடமும் சொல்லவில்லை. முதன்முதலாக உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

மறு வருஷ மழைக்காலத்துக்கு வருகிறேன். ஆபீசரின் ஜீப் எங்கள் வாசலிலேயே வந்து நின்றது. இன்னொரு விருந்தாளி வருகிறார், போன வருஷத்தைவிடப் பெரியவர் என்றார். நாளையிலிருந்தே வேலை தொடங்கவேண்டும், கம்பத்துக்கு வெள்ளையடிக்க ஆள் வருகிறது, நீ கூட இருந்து பார்த்துக்கொள் என்று நைனாவிடம் சொன்னார். நைனா சரிங்க என்று சொல்ல வாயெடுத்தார். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். ஆபீசர் முன் அவள் அதுவரை நின்றதே இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். நான் வழக்கப்படி அவள் என்னிடம் ஏதாவது சொல்வாள், திருப்பிச் சொல்லவேண்டியிருக்கும் என்று நின்றேன்.

“நாளைக்கி அவரு வரமாட்டாருங்க,” என்றாள் ஆபீசரிடம். “நாங்க செங்கல்பட்டு போறோம். புள்ளய வச்ச எடத்த அவரு இன்னும் பாக்கல.”

ஆபீசருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். போயிட்டு வாங்கம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். நைனா நின்ற இடத்திலேயே நின்றார். ‘நாங்க’ என்று அம்மா சொன்னதை நான் கேட்டேன். அவரும் கேட்டிருப்பார்.

மறுநாள் காலை பஸ்ஸில் போனோம். மாமா திருக்கழுக்குன்றத்தில் ஏறிக்கொண்டார். செங்கல்பட்டு ஸ்டேஷனைத் தாண்டி, தண்டவாளத்தை ஒட்டி நடந்தோம். இடுகாட்டில் மழைக்குப் பிறகு ஆளுயரக் கோரையும் புல்லும் எழும்பியிருந்தன. அடையாளம் எதுவும் தெரியவில்லை. இங்கேதான் என்று அம்மா ஓரிடத்தில் நின்றாள். இல்லைக்கா, இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் என்றார் மாமா. அம்மா நகரவில்லை. கரி இன்ஜின் ஒன்று கூவிக்கொண்டு கடந்துபோனது.

நைனா அம்மா காட்டிய இடத்தில் உட்கார்ந்தார். அவர் என் பக்கம் திரும்பவில்லை. அம்மாவை நேராகப் பார்த்துக் கேட்டார்.

“என்னக் கேட்டானா?”



“இல்ல,” என்றாள் அவரிடமே. “தண்ணிதான் கேட்டான்.”

மாமா அம்மாவை ஒரு தரம் பார்த்தார். பிறகு தண்டவாளத்தின் பக்கமாக நடந்துபோய் நின்றுகொண்டார். நைனா தலையை மட்டும் ஆட்டினார். அம்மா சொன்னது மெய்யா என்று நான் அவளிடம் எந்தக் காலத்திலும் கேட்டதில்லை. மாமாவிடமும் கேட்கவில்லை. இப்போது கேட்க யாருமில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

திரும்பும் பஸ்ஸுக்கு நேரமிருந்தது. ஸ்டேஷனுக்கு வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். அம்மா தூக்குச்சட்டியைத் திறந்து, இலையைத் துடைத்து, முதலில் நைனாவுக்குச் சோறு வைத்தாள். போதுமா என்று அவரைக் கேட்டாள். இன்னும் கொஞ்சம் வை என்றார் அவர்.